கருந்துளைக்கு வெளியே பிறக்கும் எக்ஸ் கதிர்

கேள்வி: எதுவும் தப்ப முடியாத கருந்துளைதான் குவேசார் எனும் மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையத்தின் நடுவில் இருக்கிறது என்கிறார்கள். பிறகு அதிலிருந்து பீறிடும் துகள் பாய்ச்சலான ஜெட்டிலிருந்து எக்ஸ் கதிரும் காமா கதிரும் எப்படி வருகின்றன? ஒரு குவேசாரையாவது சின்னத் தொலைநோக்கியில் பார்க்க முடியுமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: கருந்துளைக்குள் போனது போனதுதான் அம்மா. ஜெட் கிளம்புவது அதன் எல்லைக்கு வெளியே. அங்கே சுழலும் காந்தப்புலம் துகள்களை ஏறக்குறைய ஒளி வேகத்தில் வீசியெறிகிறது. அந்த எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலைகளை வெளியிடுகின்றன. இதில் யாருக்கும் சண்டை இல்லை. எக்ஸ் கதிரில்தான் சண்டை.

1999 ஆகஸ்டில், புதிதாக ஏவிய சந்திரா எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் குவியத்தைச் சரிபார்க்க பி.கே.எஸ். 0637-752 என்ற குவேசாரைப் பார்த்தார்கள். வெறும் புள்ளியாகத் தெரியும் என்று நம்பித் தேர்ந்தெடுத்தது அது. தெரிந்ததோ, லட்சம் ஒளியாண்டுகளைத் தாண்டி நீண்ட ஓர் எக்ஸ் கதிர் ஜெட்! சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர் தாங்கிய கருவியாயிற்றே; அந்தப் படத்தை எங்கள் துறைச் சுவரில் ஒட்டிவைத்தேன்.

ஆனால் அந்த எக்ஸ் கதிர் கணக்குக்கு மீறிய பிரகாசம். பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலைகளை எலெக்ட்ரான்கள் மோதி எக்ஸ் கதிராக உயர்த்துகின்றன என்று 2000-இல் ஒரு விளக்கம் வந்தது. பத்தாண்டுக்கு மேல் அதுவே செல்வாக்கோடு இருந்தது. அது சரியென்றால் அதே ஜெட் காமா கதிரையும் விடாமல் பொழிய வேண்டும். காமா கதிரைப் பார்க்கும் ஃபெர்மி செயற்கைக்கோள் தேடிப் பார்த்தது. 3சி 273 என்ற இன்னொரு குவேசாரின் ஜெட்டில் அந்த அளவு காமா கதிர் இல்லை என்று 2014-இல் தெரிந்தது. அடுத்த ஆண்டே முன் சொன்ன பி.கே.எஸ். 0637-752-க்கும் அதே முடிவு.

அப்படியானால் எக்ஸ் கதிரையும், ரேடியோ அலைகளைப் போலவே, காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்களே நேரடியாக வெளியிடுகின்றன என்றுதான் கொள்ள வேண்டும். அதற்கு ஜெனீவா அருகிலுள்ள பெரும் துகள் மோதுகருவி புரோட்டானுக்குத் தருவதைவிடப் பல மடங்கு ஆற்றல் தேவை. அத்தனை ஆற்றலை எந்த எலெக்ட்ரானும் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. மையத்தில் வாங்கியது லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு எப்படிக் காணும்? ஆகவே போகிற வழியிலேயே, திரும்பத் திரும்ப, அவை முடுக்கப்படுகின்றன. அதிர்ச்சி அலைகளாலா, காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி இணைவதாலா என்று இன்னும் வாதம் நடக்கிறது. 2020-இல் நமது அண்டை விண்மீன் மண்டலமான சென்டாரஸ் ஏ-யின் ஜெட் நெடுகிலும் மிகுஆற்றல் காமா கதிரை நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் கண்டன. வழியிலேயே முடுக்கம் நடக்கிறது என்பதற்கு எனக்கு அதுவே வலுவான சான்று.

குவேசார்களின் காமா கதிர் வெடிப்புகள் வேறு கதை. 3சி 279 என்பது 2015 ஜூனில் ஐந்தே நிமிடங்களுக்குள் இருமடங்கு பிரகாசமானது. அவ்வளவு சீக்கிரம் மாறுவது ஜெட்டின் உட்பகுதியில், மிகச் சிறிய இடத்தில்தான் பிறந்திருக்க வேண்டும்.

சின்னத் தொலைநோக்கியில் குவேசாரைப் பார்க்க முடியுமா என்றால், தாராளமாகப் பார்க்கலாம். 3சி 273 கன்னி விண்மீன் குழுவில் இருக்கிறது. எட்டு அங்குலத் தொலைநோக்கியும் நல்ல விண்மீன் வரைபடமும் இருந்தால், ஏப்ரல் மாதம் நிலவில்லாத இரவில் மங்கலான நட்சத்திரம்போல் தெரியும். ஜெட் மட்டும் தெரியாது.