குச்சிப் பாலம் ஏன் வளைகிறது?

கேள்வி: ஐஸ் குச்சிகளால் நாங்கள் நால்வர் சேர்ந்து கட்டும் மாதிரிப் பாலத்தில், நடுவே எடை ஏற்றியதும் மேல்வரிசைக் குச்சிகள் பக்கவாட்டில் வளைந்து முறிகின்றன. என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவி, ஏற்காடு

பதில்: நடுவே எடை இறங்கும்போது கீழ்வரிசை இழுபடுகிறது, மேல்வரிசை அமுக்கப்படுகிறது; இழுத்தால் நன்றாகத் தாங்கும் அதே மெல்லிய குச்சி, அமுக்கினால் வெகு முன்பே வளைந்துவிடும். குச்சியில் இரு பிடிப்புகளுக்கு இடையே தாங்கலில்லாத நீளத்தைப் பாதியாக்கினால், வளையாமல் ஏற்கும் சுமை ஏறத்தாழ 4 மடங்காகும் என்பது 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் கண்ட விதி. ஆகவே தடித்த குச்சிகளைத் தேடாமல், இரு பக்கச் சட்டங்களின் மேல்வரிசைகளையும் குறுக்குக் குச்சிகளாலும் மூலைவிட்டங்களாலும் முக்கோணங்களாக இணையுங்கள். வேலையைப் பிரித்துக்கொண்டாலும், இரு சட்டங்களையும் ஒரே வரைபடத்தின் மேல் வைத்தே ஒட்ட வேண்டும். இரு சட்டங்களுக்கும் இடையே சிறு வேறுபாடு இருந்தாலும் பாலம் முறுக்கிக்கொள்ளும் என்பதால், இதையே நான் மிகவும் வற்புறுத்துவேன். உங்கள் ஊர் ஈரக்காற்றில் ஃபெவிக்கால் மெதுவாகவே காயும். முழுதும் உலர்ந்த பிறகே எடை ஏற்றுங்கள்.