நிலவேம்பும் ஒரு ஸ்கோரும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தர்மபுரியில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் பாலக்கோடு பக்கம். புராஜெக்டுக்காக நிலவேம்பில் இருக்கும் ஆன்ட்ரோகிராஃபோலைடை, டெங்கு வைரஸ் பெருகத் தேவையான புரோட்டியேஸோடு (புரதத்தை வெட்டும் நொதி) டாக்கிங் செய்து, அதாவது கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்த்தேன். ப்ளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பில்தான் ஓட்டினேன். ஸ்கோர் மைனஸ் எட்டுக்கும் கீழே வந்தது. வழிகாட்டி, "நல்ல ஸ்கோர், பேப்பர் போட்டுவிடலாம்" என்றார். போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு வந்திருந்ததால் வீட்டிலும் சொன்னேன். தாத்தா உடனே, "அப்போ மருந்து கெடைச்சிருச்சா கண்ணு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அண்ணனோ, "லேப்ல கை வைக்காம கம்ப்யூட்டர்ல பார்க்கறதெல்லாம் பொம்மை விளையாட்டு" என்கிறான். நான் கண்டுபிடித்தது ஏதாவது உண்டா அக்கா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு மாணவி

*

அன்புள்ள தங்கைக்கு,

தாத்தாவிடம் இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். அண்ணனிடம் இது விளையாட்டு இல்லை என்று சொல்லுங்கள்.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். நீங்கள் ஓட்டிய மென்பொருள், மூலக்கூறைப் புரதத்தின் குழியில் பல விதமாகத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கிறது. ஒவ்வொரு இருப்புக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு எத்தனை, எண்ணெய்ப் பசையுள்ள பகுதிகள் எவ்வளவு ஒட்டுகின்றன, எங்கே இடிக்கிறது என்று கூட்டிக் கழித்து, பிடிப்பு எத்தனை கிலோகலோரி இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. மைனஸில் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு இறுக்கமான பிடிப்பு என்று அர்த்தம். இந்தக் கணக்கில் இரண்டு மூன்று கிலோகலோரி பிசகுவது சகஜம். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் சுமார் 1.4 கிலோகலோரி மாறினாலே பிடிப்பு பத்து மடங்கு மாறிவிடும். உங்கள் மைனஸ் எட்டு உண்மையில் மைனஸ் ஆறாகவும் இருக்கலாம், மைனஸ் பத்தாகவும் இருக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் பல நூறு மடங்கு வித்தியாசம்.

இன்னொன்று, மூலக்கூறு பெரிதாக ஆக ஸ்கோரும் தானாகவே நன்றாக வரும். தொடும் இடம் அதிகம், அவ்வளவுதான். இன்று ராத்திரியே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆன்ட்ரோகிராஃபோலைடின் மூலக்கூறு எடை 350. பிரட்னிசலோனின் எடை 360. அதிலும் வளையங்கள் உண்டு, ஓ.எச். தொகுதிகள் உண்டு. அது வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு. டெங்கு புரோட்டியேஸைத் தடுப்பதற்காக யாரும் கொடுப்பதில்லை. அதையும் அதே பெட்டிக்குள் (மென்பொருளுக்குத் தேடக் குறித்துக் கொடுத்த இடம்), அதே செட்டிங்ஸோடு ஓட்டுங்கள். அதற்கும் மைனஸ் எட்டுப் பக்கம் வந்தால், உங்கள் எண் நிலவேம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அந்த அளவுள்ள மூலக்கூறுகளைப் பற்றித்தான் சொல்கிறது.

அப்புறம் அந்தப் புரதம். டெங்குவின் என்எஸ்3 புரோட்டியேஸ் தனியாக வேலை செய்யாது. என்எஸ்2பி என்ற இன்னொரு புரதத்தின் ஒரு துண்டு அதைச் சுற்றி அணைத்துக்கொண்டால்தான் வேலை. 2006இல் வெளியான படிக அமைப்பில் (புரதத்தைப் படிகமாக்கி எடுத்த அணு வரைபடம்) தடுப்பான், அதாவது நொதியை நிறுத்தும் மூலக்கூறு, எதுவும் இல்லை; அந்தத் துண்டின் பின்பாதி குழியை விட்டு விலகிக் கிடக்கிறது. 2012இல் தடுப்பானோடு சேர்த்து எடுத்த அமைப்பில்தான் அது வளைந்து வந்து குழியின் ஒரு சுவராக நிற்பதைப் பார்க்கலாம். நீங்கள் பழையதை எடுத்திருந்தால், ஒரு சுவர் இல்லாத வீட்டில் கட்டில் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். போதாததற்கு அந்தக் குழி ஆழமில்லாதது, உள்ளங்கை மாதிரி. நாலு பக்கமும் தண்ணீர் வந்து மோதும். இத்தனை வருடமாக டெங்குவுக்கு அந்த வழியில் மருந்து வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒகேனக்கல்லில் பரிசலைப் போட்டோ எடுத்தால் அது அசையாமல் நிற்கும். உட்கார்ந்து போனவர்களுக்குத்தான் சுழல் தெரியும். படிக அமைப்பு அந்தப் போட்டோ. புரதம் தண்ணீரில் எப்படித் திரும்புகிறது என்று பார்க்க, அணுக்களை இரண்டு ஃபெம்டோசெகண்டுக்கு ஒரு தடவை நகர்த்திக் கணக்கிடுகிறார்கள். நொடியை லட்சம் கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி ஆயிரமாகப் பிரித்தால் வருவது ஒரு ஃபெம்டோசெகண்ட். ஒரு மைக்ரோசெகண்ட் (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஓட 50 கோடி தடவை. 1977இல் மக்காமன், கெலின், கார்ப்ளஸ் மூவரும் ஒரு சின்னப் புரதத்தை முதன்முதலில் இப்படி ஓட்டியபோது கிடைத்தது பத்து பிகோசெகண்டுக்கும், அதாவது பத்தாயிரம் ஃபெம்டோசெகண்டுக்கும், குறைவு. கார்ப்ளஸுக்கு 2013இல் லெவிட், வார்ஷெல் இருவரோடும் சேர்த்து நோபல் கிடைத்தது. உங்கள் லேப்டாப்புக்கு டாக்கிங் போதும். இதற்கு அது தாங்காது.

இது விளையாட்டு இல்லை என்று நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நான் வளர்ந்தது காவேரிப்பட்டணத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி. தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் லாரி ஓட்டிய ஒரு மாமா எலும்பும் தோலுமாக மெலிந்து போனார். என்ன நோய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் குடித்த டம்ளரைத் தனியாகத் திண்ணை மூலையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அது மட்டும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் 1986இலேயே நம் நாட்டிலும் எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார்கள். 1989இல் அந்த வைரஸின் புரோட்டியேஸ் அமைப்பு தெரிய வந்தது. அதன் குழியைத் திரையில் வைத்து, அதில் பொருந்தும் மூலக்கூறுகளை வரைந்தார்கள், செய்தார்கள், சோதித்தார்கள், மறுபடி வரைந்தார்கள். 1995 கடைசியில் சக்வினாவிர், 1996இல் இன்டினாவிர். மற்ற மருந்துகளோடு இவை சேர்ந்ததும் பணக்கார நாடுகளில் எய்ட்ஸ் சாவு சரிந்தது. நம் நாட்டில் 2004இல்தான் அரசு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியது, அதுவும் வேறு வகை மருந்துகளோடு. மாமாவுக்கு எதுவும் எட்டவில்லை.

அந்தப் புரோட்டியேஸையே நீங்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இன்டினாவிர் உள்ளே உட்கார்ந்திருக்கும் அமைப்பு இலவசமாகக் கிடைக்கிறது. இன்டினாவிரை வெளியே எடுங்கள், குலைத்துப் போடுங்கள், மறுபடி டாக்கிங் செய்யுங்கள். மென்பொருள் அதைப் பழைய இடத்திலேயே, இரண்டு ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஒரு ஆங்ஸ்ட்ராம் கிட்டத்தட்ட ஓர் அணுவின் அகலம்), கொண்டுவந்து உட்கார வைக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை தண்ணீரையெல்லாம் நீக்கிவிட்டும், ஒரு தடவை குழியை மேலே மூடும் புரதத்தின் இரண்டு மடல்களுக்கு அடியில் இருக்கும் அந்த ஒற்றைத் தண்ணீர் மூலக்கூறை விட்டுவைத்தும் ஓட்டுங்கள். தண்ணீரை முதலில் துடைத்து எடு என்றுதான் எல்லோரும் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் இங்கே மடல்களையும் மருந்தையும் சேர்த்துப் பிடித்திருப்பதே அந்த ஒரு துளிதான். 1994இல் சிலர் அந்தத் தண்ணீரின் இடத்தில் தங்கள் மூலக்கூறின் ஆக்சிஜனே வந்து உட்காரும்படி வடிவமைத்தார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் அதைவிட அழகான யோசனை கொஞ்சம்தான். குழிக்குள் பிரமாதமாகப் பொருந்தியது. ஆனாலும் அந்த வகை மருந்துக்கடை வரை வரவில்லை. குழியில் பொருந்துவது வேறு, வயிற்றைத் தாண்டி ரத்தத்தில் போதிய அளவு நிற்பது வேறு. ஆன்ட்ரோகிராஃபோலைடுக்கும் அந்தச் சிக்கல் உண்டு, குடித்ததில் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது குறைவு.

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு, வெட்டிவேர், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு என்று மொத்தம் ஒன்பது சரக்குகள் சேருகின்றன. ஒரு மூலக்கூறை ஒரு புரதத்தில் வைத்துப் பார்த்த எண், அந்தக் கஷாயத்துக்குச் சாட்சியும் இல்லை, எதிர்ச்சாட்சியும் இல்லை. இதை வீட்டில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் வந்தால் ஸ்கோரை நம்பி யாரும் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

அண்ணனுக்கு ஒரு விஷயம். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும், இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கணக்கை மட்டும் வைத்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று ஒரு படம் போட்டார்கள். இன்றைக்கும் உலகத்தில் எங்கே புதுப் புரத அமைப்பு வந்தாலும் அந்தப் படத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். உங்கள் டெங்கு புரோட்டியேஸும் அந்தச் சோதனையைத் தாண்டித்தான் உங்கள் லேப்டாப்புக்கு வந்தது.

சரி, பேப்பர். வழிகாட்டியோடு சண்டை வேண்டாம். பிரட்னிசலோன் சோதனையையும் இன்டினாவிர் சோதனையையும் அட்டவணையாக எடுத்துப்போய்க் காட்டுங்கள். "தடுக்கிறது" என்று எழுதாதீர்கள். "பொருந்தக்கூடும் என்று கணக்கு சொல்கிறது, சோதனைக் குழாயில் பார்க்க வேண்டும்" என்று எழுதுங்கள். அந்த நொதியை வைத்திருக்கும் ஆய்வுக்கூடம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். ஒளிரும் சாயம் சேர்த்த சின்னப் பெப்டைடை அந்தப் புரோட்டியேஸ் வெட்டுகிறதா, உங்கள் பொருளைச் சேர்த்ததும் வெட்டுவது குறைகிறதா என்று நேரடியாகவே பார்த்துவிடலாம்.

எந்த வருட அமைப்பை எடுத்தீர்கள், பிரட்னிசலோனுக்கு என்ன எண் வந்தது, இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா