நீச்சல் சோறு போடுமா? கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையிலிருந்து ஓர் அப்பா கேட்டதற்கு

வணக்கம் ஐயா. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. விடுமுறைக்கு மதுரையில் சித்தி வீட்டுக்குப் போனவள் நீச்சல் பழகிவிட்டு, இனி அதுதான் எல்லாம் என்கிறாள். பூண்டு விவசாயத்தில் வரும் பணத்தை நம்பி இதில் இறங்கலாமா என்று கேட்கிறீர்கள். இறங்கலாம். ஆனால் படிப்பை விட்டுவிட்டு இறங்கக் கூடாது.

முரளிகாந்த் பேட்கரைத்தான் முதலில் சொல்வேன். ராணுவத்தில் இருந்தவர், 1965 போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சிகிச்சைக்காகத் தண்ணீரில் இறங்கியவர், 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் நடந்த பாராலிம்பிக்கில் (மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்) 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 37.33 வினாடியில் நீந்தித் தங்கம் வாங்கினார். இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் தங்கம் அது. பத்மஸ்ரீ வந்ததோ 2018-ல். நடுவில் 46 வருஷம்! அந்தக் காலத்தில் வீட்டை ஓட்டியது புனேயில் டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) நிறுவனத்தில் அவர் பார்த்த வேலை. இன்று நிலைமை எவ்வளவோ மேல். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் பதக்கம் வாங்கிய சேலம் மாரியப்பனைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் உண்டா? இருந்தாலும் பதக்க மேடை வரை போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

உங்கள் மகளுக்கு இன்னும் நெருக்கமானது தென்னாப்பிரிக்காவின் நடாலி டு டோய்ட் கதை. 2001-ல், 17 வயதில், விபத்தில் இடது காலை இழந்தார். 2008 பெய்ஜிங்கில் கால் உள்ளவர்களோடு ஒலிம்பிக் 10 கிலோமீட்டர் போட்டியில் நீந்தி 16-வதாக வந்தார். செயற்கைக் கால் இல்லாமல்தான். போட்டியில் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் தண்ணீர் இல்லை, ஈரமான டைல்ஸ். செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு பெஞ்சிலிருந்து குளத்து விளிம்புக்குப் போகிற அந்த நாலு அடியில்தான் வழுக்கும். ஊன்றுகோலின் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. திண்டுக்கல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீதமும் உண்டு. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் உரிமை அது, பதக்கம் வந்தாலும் வராவிட்டாலும் கையில் இருக்கும்.

நிறையப் பெற்றோர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. சான்றிதழில் உள்ள குறைபாட்டுச் சதவீதமும், போட்டிக்கான நீச்சல் பிரிவும் வேறு வேறு. உடல் குறைபாட்டுக்கு எஸ்1 முதல் எஸ்10 வரை பிரிவுகள், எண் குறையக் குறைய பாதிப்பு அதிகம். உடலைச் சோதித்து, நீந்தவும் வைத்துப் பார்த்துத்தான் அதிகாரிகள் முடிவு செய்வார்கள். இவளைப் போன்றவர்கள் பெரும்பாலும் எஸ்9 அல்லது எஸ்10-ல் வருவார்கள். எதிரே நீந்துகிறவர்களும் நல்ல வேகம் உள்ளவர்கள், போட்டி கடுமையாகவே இருக்கும்.

அப்புறம் இடம். கொடைக்கானல் ஏரியில் இறக்கிவிடாதீர்கள். குளிரும் தாங்காது, பாதுகாப்பும் கிடையாது. போட்டிக் குளத்தில் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி இருக்கும். பள்ளி நாட்களில் மலையிலேயே தோள், வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சி போதும். விடுமுறையில் வத்தலக்குண்டு வழியாக இறங்கி, மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானக் குளத்தில் முறையான பயிற்சியாளரிடம் சேருங்கள். வாராவாரம் மலை இறங்கி ஏறுவது வேண்டாம். அந்த வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்த பிள்ளை என்னத்தை நீந்துவாள்?

தமிழக அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம். பெரிய அளவில் சாதித்தால் தமிழக அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடும் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்தால் பிசியோதெரபி பக்கம் போகலாம், நீச்சல் அனுபவம் அங்கே வீணாகாது. கணக்குப்பதிவியல் பிடித்தால் வங்கித் தேர்வு. எது என்பதை அவளிடமே கேளுங்கள்.

அடுத்த முறை மருத்துவச் சான்றிதழ் நகலோடு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் ஐயா. நீங்கள் மட்டும் வந்தால் பாதிப் பேச்சுதான் நடக்கும்.