அம்மாவுக்கு ஒரு பங்கு

கேள்வி: தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். சம்பளம் 22,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 9,000, நகைச் சீட்டு 5,000, மகளின் பள்ளி, வேன் செலவு 3,500, மாமியாரின் மாத்திரை 1,800. மிச்சம் பாலுக்கும் காய்கறிக்கும் போய்விடும். மளிகையைக் கணவர் பார்த்துக்கொள்கிறார். ஏடிஎம் கார்டு அவரிடம்தான் இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. நத்தம் பக்கம் கிராமத்தில் என் அம்மா தனியாக இருக்கிறார். வயது 66, கண்புரை முற்றிவிட்டது. காய்கறிக் காசில் மிச்சம் பிடித்து, யாருக்கும் தெரியாமல் மாதம் 500 ரூபாய் கொடுக்கிறேன். ஆபரேஷனுக்கு 40,000 சேர்க்க வேண்டும். எதில் போட்டால் சீக்கிரம் பெருகும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புத் தங்கைக்கு, கண் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அதற்கு எதிலும் பணம் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் தொடங்கியது. அவர்கள் ஊர் ஊராக முகாம் நடத்தி, கண்புரை இருப்பவர்களை அழைத்துப்போய் இலவசமாக ஆபரேஷன் செய்து அனுப்புகிறார்கள். அரசு மருத்துவமனையிலும் இலவசம்தான். அடுத்த முகாம் எங்கே, எப்போது என்று போனில் கேட்டுவிட்டு, ஒரு நாள் லீவு போட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இனி உங்கள் சம்பளத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாமியாரின் மாத்திரைக்கு 1,800 ரூபாய் தனி வரியில் இருக்கிறது. அது சரியானது, அப்படித்தான் இருக்க வேண்டும். உங்கள் அம்மாவின் 500 மட்டும் பட்டியலிலேயே இல்லை. காய்கறிக் காசுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. சம்பாதிப்பது நீங்கள். உங்களைப் படிக்கவைத்து அந்த வேலைக்கு அனுப்பியதில் அம்மாவுக்கும் பங்கு உண்டு. மனசில் முதலில் நிற்கிற செலவு கணக்கிலும் மேலே வர வேண்டும்.

"கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று யாராவது கேட்பார்கள் என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. திருமணமான மகளுக்கும் பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் பிள்ளைகள் என்று சொல்லும்போது மகனோடு மகளையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே ஒளிக்க வேண்டியதில்லை. கணவரிடம் அனுமதி கேட்காதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள். "இந்த மாசத்திலேர்ந்து அம்மாவுக்குப் பணம் அனுப்பப் போறேன்" என்றால் போதும். கெட்டவர் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரைக் கொஞ்சம் நம்பிப் பாருங்கள்.

பணம் எங்கிருந்து வரும்? நகைச் சீட்டிலிருந்துதான். மகளுக்கு எட்டு வயது என்றும் சீட்டு முடிய இன்னும் நாலு மாதம் என்றும் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். முடியட்டும், நடுவில் நிறுத்தினால் நஷ்டம். ஆனால் அடுத்த சீட்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கி டெபாசிட்டுக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு, நகைக் கடையில் கட்டும் பணத்துக்கு அது கிடையாது. கட்டியதைப் பெரும்பாலும் நகையாகத்தான் வாங்க முடியும், அவசரத்துக்குக் காசாகக் கேட்க முடியாது. தங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எட்டு வயதுக் குழந்தையின் கல்யாணத்துக்காக இன்றைக்குப் பாட்டியின் வயிறு காய வேண்டாம் என்கிறேன்.

அந்த 5,000-ஐ இப்படிப் பிரிக்கலாம். அம்மாவுக்கு 2,000. சம்பளம் ஏறிய மறுநாளே அவர் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மகளுக்கு 1,500, தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு. பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும் என்பதால் தள்ளிப் போடாதீர்கள். அவள் பத்தாவது தேறிய பிறகோ பதினெட்டு வயதான பிறகோ மேல்படிப்புக்காகக் கணக்கில் இருப்பதில் பாதி வரை எடுக்கலாம். மீதி 1,500 உங்கள் பெயரில், தபால் நிலைய ஆர்.டி.யில். ஐந்து வருஷத்தில் நீங்கள் கட்டுவது 90,000, வட்டியோடு ஒரு லட்சத்தைத் தாண்டும். ஒரு வருஷம் விடாமல் கட்டிவிட்டால், கட்டியதில் பாதி வரை கடனும் வாங்கலாம். அம்மாவுக்கோ உங்களுக்கோ திடீரென்று உடம்புக்கு வந்தால் யார் கையையும் பார்க்க வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பல வருஷம் வங்கிக் கவுன்டரில் இருந்தவள் நான். பாஸ்புக்கை நீட்டி, "எவ்வளவு இருக்குன்னு பாருங்கம்மா" என்று கேட்கும் பெண்களிடம், "உங்க போனுக்கு மெசேஜ் வரலையா?" என்று திருப்பிக் கேட்பேன். "அது அவர் நம்பர் மேடம்" என்பார்கள். கணக்கு அவர்கள் பெயரில், சம்பளம் அவர்களுடையது, ஆனால் ஓடிபி போவது வேறு கைக்கு. உங்கள் கணக்கில் எந்த நம்பர் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். உங்களுடையது இல்லை என்றால் ஆதார் அட்டையோடு கிளைக்குப் போய் மாற்றிவிடுங்கள். கார்டையும் வாங்கி உங்கள் பையில் வையுங்கள். தவணை எப்போதும்போல் போகப்போகிறது, வீட்டில் எதுவும் குறையாது. அந்த வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அதற்கும் சேர்த்து ஒரு நாள் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். 9,000 உங்கள் சம்பளத்திலிருந்து போவதைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட்டை வருஷா வருஷம் எடுத்து ஃபைலில் போட்டு வையுங்கள்.

சீட்டு முடியும் வரை அந்த 500-ஐயே அனுப்புங்கள். ஆனால் கையில் திணிக்காமல், உங்கள் கணக்கிலிருந்து அம்மா கணக்குக்கு அனுப்புங்கள். பாஸ்புக் அம்மாவிடமே இருக்கட்டும்.