பிள்ளைகள் வளர்ந்ததும் குடும்பத்தோடு வெளியூர் வர மறுக்கிறார்கள். ஓர் அம்மாவாக இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பையனுக்கு 15, பெண்ணுக்கு 12, லீவு நாளில் எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போயிட்டு வாங்க, நாங்க வீட்டிலேயே இருக்கோம்" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சோறு வடித்துக்கொண்டே படித்தேன். கஞ்சி கையில் கொட்டப் பார்த்தது. அவ்வளவு அப்படியே என் வீட்டுக் கதை.

நான் மனநல ஆலோசகர் எல்லாம் இல்லை. இரண்டு பிள்ளை பெற்றவள், இருபது சீசனுக்குக் குறையாமல் குற்றாலம் போய் வந்தவள். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன். "இதெல்லாம் ஒரு பிரச்சினையா" என்று கேட்பவர்கள் இப்போதே அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

எங்களுக்கு ஊர் விருதுநகர். இவர் வத்தல் மண்டியில் கணக்கு எழுதுகிறார். ஞாயிறு ஒருநாள்தான் லீவு என்பதால் எங்கள் வீட்டில் டூர் என்றால் ஊட்டி, கொடைக்கானல் கிடையாது. ஆனி ஆடியில் தென்காசியிலிருந்து சித்தி போன் பண்ணி "தண்ணி நல்லா விழுது" என்று சொன்னால் அடுத்த ஞாயிறு குற்றாலம். சுமார் 120 கிலோமீட்டர்; விடியலில் கிளம்பினால் ராத்திரிக்குள் வீடு வந்து சேரலாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மீட்டர்கேஜ் ரயிலில் போவோம். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் என்று நின்று நின்று போகும். கடையநல்லூர் தாண்டினதும் ஜன்னல் காற்று ஜில்லென்று மாறும். கல்யாணத்துக்கு அப்புறம் வேன். கொழுந்தன் குடும்பம், நாத்தனார் குடும்பம் எல்லாம் சேர்த்து 14 பேர்.

14 பேருக்குப் புளியோதரை யார் கிண்டுவது என்று கேட்கவே வேண்டாம். ராத்திரி புளிக்காய்ச்சல் செய்து வைத்துவிட்டு மூன்று மணிக்கு எழுந்து உலை வைப்பேன். உருளைக்கிழங்குப் பொரியல், தேங்காய்த் துவையல், இலைக்கட்டு, குடிக்கத் தண்ணீர், மாற்றுத்துணி மூட்டை. மற்றவர்கள் பல் விளக்கியும் விளக்காமலும் வந்து வேனில் ஏறித் தூங்குவார்கள். போய்ச் சேர்ந்ததும் "கொஞ்சம் உப்புக் கம்மி மதினி" என்பார்கள். திரும்பி வந்து அண்டாவைத் தேய்ப்பதும் நான்தான். வேன் வாடகையில் ஒருத்தர் பங்கு இன்றுவரை வரவில்லை, அது யாரென்று இங்கே எழுதினால் வீட்டில் ரகளையாகும். சரி, கேள்விக்கு வருகிறேன்.

குற்றாலம் போகாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பேரருவித் தண்ணீர் உச்சியிலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுப்பாறையில் பொங்குமாங்கடல் என்று ஒரு பள்ளம். அதில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்துதான் கீழே வரும். அதனால்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நம்மால் நிற்க முடிகிறது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். சின்னப் பையன்கள் அம்மாவோடு பெண்கள் பக்கம் வரலாம்.

மூத்தவன் அப்படித்தான் வந்தான். ஒவ்வொரு வருஷமும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகத்தை என் நைட்டிக்குள் புதைத்துக்கொண்டு நிற்பான். தண்ணீர் என் முதுகில் அடித்து அவன் தலையில் வழியும். மூச்சு முட்டினால் என் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டுவான். வெளியே வந்து மூக்கு ஒழுக நின்று "இன்னொரு தடவைம்மா" என்பான்.

2009 சீசன். அவனுக்கு ஒன்பது வயது. நல்ல கூட்டம். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், ஈரச் சேலையை முறுக்கிப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "யக்கா, பையன் பெரியவனாயிட்டான்ல, அந்தப் பக்கம் அனுப்புங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் சொன்னது சரிதான். ஆனால் அதை அவனும் கேட்டுவிட்டான். என் கையை உதறிவிட்டு, டவுசரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். படிக்கட்டுப் பக்கம் அவன் அப்பா நின்றார். கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் தனியாக உள்ளே போனேன். பிள்ளை இடுப்பில் இல்லாமல் அருவியில் நிற்பது பல வருஷத்துக்கு அப்புறம் அன்றுதான். சுகமாக இருந்திருக்க வேண்டும். எனக்கென்னவோ வயிற்றில் அந்த இரண்டு தட்டு விழாதது மட்டுமே தெரிந்தது. வெளியே வந்து ஆண்கள் பக்கம் பார்த்தேன். எண்ணெய் பளபளக்கும் தலைகளுக்கு நடுவே அவன் இருந்தான். எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாம் அருவியில் கூடாது என்று கோர்ட்டு தடை போட்டதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பெரியப்பா மகன்களோடு சிரித்துக்கொண்டிருந்தான், இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

நீங்கள் "வரமாட்டேன்" என்ற வார்த்தையைக் கேட்டுத்தான் அதிர்ந்திருக்கிறீர்கள். எனக்கு அது ஆறேழு வருஷம் முன்னாலேயே தொடங்கிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பத்தாம் வகுப்பு வந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவன் படித்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்தார்கள். ஆடி அமாவாசைக்கு லீவு கேட்டால் "மார்க் வேண்டாமா உங்களுக்கு" என்று என்னைக் கேட்டார்கள். பிள்ளை பெற்ற எனக்கு அவனை ஒரு நாள் அருவிக்குக் கூட்டிப் போக உரிமை இல்லை! மார்க் வந்தது, நல்ல மார்க்தான். இன்றைக்கு அவன் பார்க்கும் வேலையில் அந்த மார்க்கை யாரும் கேட்கவில்லை. "ஆசிரியர்களைக் குறை சொல்லாதீர்கள்" என்று யாராவது எழுதுவீர்கள், என் தம்பியே ஆசிரியர்தான், அவனிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

2016-ல் பதினொன்றாம் வகுப்பு, லீவு கிடைத்தது. அவன் வரவில்லை என்றான். நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். அழுதேன். "பெத்தவளுக்கு வருஷத்துல ஒரு நாள் தர முடியாதா" என்று கேட்டேன். அதற்கப்புறம் எந்தப் பிள்ளை வராமல் இருக்கும்? வந்தான். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வேனிலேயே உட்கார்ந்திருந்தான். திரும்பும்போது பார்டர் கடையில் இறங்கிப் பரோட்டா மட்டும் சாப்பிட்டான். இவர் வழக்கம்போல நம்ம ஊர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு இது ஈடாகுமா என்று தொடங்க, யாரும் பதில் பேசவில்லை. எல்லாம் போன் செய்கிற வேலை என்றுதான் நான் நினைத்தேன்.

காரணம் எனக்குத் தெரிந்தது அவன் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் கழித்து. ஒரு ராத்திரி இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து, ஏதோ பேச்சோடு பேச்சாகச் சொன்னான். அந்த வயதில் அவன் ஒல்லி. சட்டையைக் கழற்றியதும் பெரியப்பா மகன்கள் "கொத்தவரங்கா, கொத்தவரங்கா" என்று கத்துவார்களாம். ஒரு வருஷம் அவன் துண்டை ஒளித்து வைத்துவிட்டு வேன் வரைக்கும் வெற்றுடம்போடு நடக்கவிட்டார்களாம். இவரும் பக்கத்தில்தான் இருந்திருக்கிறார், பையன்கள் விளையாட்டு என்று விட்டுவிட்டார். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் கிரைண்டரை நிறுத்திவிட்டேன். பன்னிரண்டு மாதமும் காத்திருந்து நான் ஆசையாகப் போன இடம். பத்தடி தள்ளி இது நடந்திருக்கிறது, நான் பெண்கள் பக்கம் நின்றிருக்கிறேன்.

சின்னவள் விஷயத்தில் இந்தத் தவறு நடக்கவில்லை, காரணம் அவள் என் பக்கம். பதிமூன்று வயதில் "குளிக்க வரலை, கரையில் இருக்கேன்" என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஈரத்துணியோடு நடந்தால் யார் போனில் யார் படம் எடுக்கிறார்கள் என்று பெண்பிள்ளைகள் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டியிருக்கிறது. தேதி பார்த்துக் கிளம்ப வேண்டும். துணி மாற்றப் போனால் நான் போன சுற்றுலாத் தலங்கள் பாதிக்கு மேல் தாழ்ப்பாள் இல்லாத கதவுதான், ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே காவல். எத்தனை கோடிக்கு எதையெதையோ கட்டுகிறார்கள், நாலு தாழ்ப்பாள் போடமாட்டார்களா? அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ரம்புட்டான் வாங்கிக் கொடுத்து மூட்டைகளுக்குக் காவல் உட்காரவைத்தேன். குரங்குகளோடு சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

அதனால் உங்கள் பையனிடம் ஏன் வரவில்லை என்று முகத்துக்கு நேராகக் கேட்காதீர்கள், சொல்லமாட்டான். யாரெல்லாம் வருகிறார்கள் என்பதை மாற்றிப் பாருங்கள். எனக்கு அப்போது தோன்றவில்லை. நாத்தனார் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். கோபித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, பிள்ளைகள் வரவில்லை என்றால் அன்பு போய்விட்டது என்று நினைக்காதீர்கள் என்று சிலர் எழுதுவார்கள். நினைக்கத்தான் தோன்றும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அந்தச் செய்தியைப் பார்த்த ராத்திரி இரண்டு பேருக்கும் போன் போட்டேன். இரண்டு பேரும் அருவிப் பக்கமே இல்லை, ஒருத்தன் பெங்களூரு, ஒருத்தி கோயம்புத்தூர். அது தெரிந்தும்தான் போட்டேன்.

போன வருஷம் ஆடியில் அவனே கூப்பிட்டான். நாங்கள் நாலு பேர் மட்டும். செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற ரயிலில் மலை ஏறி இறங்கலாம் என்றான். 1904-ல் போட்ட பாதை. அகலப்பாதை வேலைக்காக 2010-ல் நிறுத்தி 2018-ல் திரும்ப விட்டார்கள். குகைகள், தேக்குக் காடு, தென்மலைக்கு முன்னால் பதிமூன்று கண் பாலம். பாலம் பாலம் என்று ஆசை காட்டினான். ரயில் அதன்மேல் போகும்போது ஒரு கண்ணும் தெரியவில்லை. கீழே ரோட்டில் நின்று பார்க்க வேண்டுமாம். இதற்கா இவ்வளவு தூரம் என்றேன். சின்னவள் "அம்மா ஆரம்பிச்சுட்டா" என்றாள்.

சமைக்கக் கூடாது, எல்லாம் வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று கண்டிஷன் போட்டிருந்தான். சரி என்று சொல்லிவிட்டு ஒரு சின்னத் தூக்கில் மட்டும் புளியோதரை எடுத்துக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான். பையில் துண்டுக்கு அடியில் வைத்திருந்தேன்.

மறுநாள் குற்றாலம். தண்ணீர் அளவாக விழுந்தது. இவருக்கு இப்போது முழங்கால் வலி, பாறை வழுக்கும். மூத்தவன் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். இப்போதும் ஒல்லிதான். நானும் சின்னவளும் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தோம். அவள் போன் பார்த்தாள், நான் ஆண்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் இரண்டு பேரும் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பிப் பையைப் பிரித்தேன். தூக்கு காலியாக இருந்தது. யார் தின்றது என்று கேட்டால் மூன்று பேருமே நான் இல்லை என்கிறார்கள்.