விரலிடுக்கில் நெருப்பு: ஆபரேஷன் வரை போக வேண்டுமா?

கேள்வி: மும்பையில் செம்பூரிலிருந்து சிஎஸ்எம்டி வரை தினமும் லோக்கல் ரயிலில் நின்றபடியே போகிறேன். வலது காலில் மூன்றாம், நான்காம் விரல்களுக்கு நடுவே நெருப்பாக எரிகிறது. ஷூவைக் கழற்றிப் பிசைந்துவிட்டால் அடங்குகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆபரேஷன்தான் வழியா?

பதில்: கழற்றினால் அடங்குகிறது என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. அந்த இடுக்கில் ஓடும் நரம்பு நெரிபட்டுத் தடித்துப்போவதை மார்ட்டன் நியூரோமா என்பார்கள். பெயரைக் கேட்டுப் புற்றுநோயோ என்று பயப்பட வேண்டாம். எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது. எலும்புக் கீறல் இல்லை என்று பார்க்கத்தான் அது. டாக்டர் பாதத்தை இருபுறமும் நெருக்கி, இடுக்கை அழுத்தும்போது நரம்பு ‘க்ளிக்’ என்று நழுவினால் சந்தேகம் வலுக்கும். அல்ட்ராசவுண்டில் தடிப்பைப் பார்க்கலாம்.

முதல் வைத்தியம் ஷூ. மாலையில், பாதம் சற்று உப்பியிருக்கும்போது, காகிதத்தில் நின்று சுற்றிலும் கோடு போடுங்கள். ஷூவை அதன்மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அது உங்கள் காலுக்கானது அல்ல. ஹீல் 2 - 3 செ.மீ. தாண்ட வேண்டாம். கோலாப்பூரி செருப்பு விரலை நெருக்காதுதான். ஆனால் அடி கெட்டி, மெத்தை கிடையாது.

அடுத்து மெட்டாடார்சல் பேட், அதாவது ஷூவுக்குள் ஒட்டும் சிறு மெத்தை. பலரும் இதை வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே ஒட்டி, வலியைக் கூட்டிக்கொள்கிறார்கள். முன்பாத மேட்டில் எண்ணெயில் குழைத்த குங்குமத்தைத் தடவி, ஷூவின் உள்தட்டில் மிதியுங்கள். தடம் விழும். அதற்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக, பேடின் முன்விளிம்பு வர வேண்டும். அப்போதுதான் எலும்புகள் விரிந்து நரம்புக்கு இடம் கிடைக்கும். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். 6 முதல் 12 வாரம் பொறுத்துப் பாருங்கள். வலி மாத்திரையை மட்டும் நம்பினால் நெரிசல் அப்படியே இருக்கும்.

அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி. சிலருக்குப் பல மாதம் நிம்மதி. சிலருக்குத் திரும்ப வரும். அடிக்கடி போட்டால் பாதத்தின் கொழுப்பு மெத்தை கரையும். சர்க்கரைக்காரர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆபரேஷன் கடைசிப் படி. அழுத்தும் தசைநாரை வெட்டி விடுவார்கள், அல்லது நரம்பையே எடுப்பார்கள். எடுத்தால் அந்த இரு விரல்களும் ஒன்றையொன்று பார்க்கும் பக்கம் நிரந்தரமாக மரத்துப்போகும். வெட்டிய நுனி மறுபடி தடித்து வலிப்பதும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு பாதமும் சேர்ந்து எரிந்தாலோ, ராத்திரி படுத்த பிறகு எரிச்சல் கூடினாலோ பேட் வாங்காதீர்கள். முதலில் ரத்தத்தில் சர்க்கரையும் வைட்டமின் பி12-ம் பார்க்க வேண்டும்.