'கில் பில்' பாட்டுக்காரி காஜி மெய்கோ: எந்தப் படத்தில் தொடங்கலாம்?

கேள்வி: 'கில் பில்' முதல் பாகத்தில் பனித்தோட்டச் சண்டை முடிந்ததும் ஒரு ஜப்பானியப் பாட்டு ஒலிக்கிறது. பாடியவர் நடிகையும்கூட என்றார் நண்பர். அவர் படங்களில் எதை முதலில் பார்க்கலாம்?

பதில்: அவர் காஜி மெய்கோ. ஜப்பானில் குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதால், மெய்கோ காஜி என்று இருந்தாலும் இவரேதான். அந்தப் பாட்டு 'கில் பில்' இயக்குநர் டாரன்டினோவுக்காகப் பாடியதல்ல. 1973இல் வந்த 'லேடி ஸ்னோபிளட்' படத்தின் பாட்டு. நாயகியும் அவரே. அதிலேயே தொடங்குங்கள். குடும்பத்தை அழித்தவர்களைப் பழிதீர்க்கவென்றே ஒரு தாய் சிறையில் பெற்றெடுத்த மகள் யுகி. குடைக்குள் வாளை மறைத்து நடக்கிறாள். பார்த்து முடித்ததும் 'கில் பில்'லின் பனிக்காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். எது எங்கிருந்து வந்தது என்று தானாகப் புரியும்.

அடுத்து, 1972இல் தொடங்கிய 'சசோரி' வரிசை. சசோரி என்றால் தேள். காஜி 1965இல் நிக்காட்சு நிறுவனத்தில் ஓட்டா மசாகோ என்ற சொந்தப் பெயரில் நடிக்க வந்தவர். 1971இல் அந்நிறுவனம் பாலியல் படங்கள் பக்கம் திரும்பியதும் விலகி, தோயெய் நிறுவனத்துக்குப் போனார். அங்கே கிடைத்த வேடம்தான் 'சசோரி' எனப்படும் சிறைக்கைதி. மூலமான மங்கா சித்திரக்கதையில் அவள் வாயைத் திறந்தால் வசவு. படத்தில் அவளைப் பேசாதவளாக்கச் சொன்னவர் காஜியேதான். கண்ணாலேயே மொத்தப் படத்தையும் சுமக்கிறார். அவள் சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் 'உராமி புஷி' என்ற பாட்டு சொல்கிறது. வரிகளை எழுதியவர் இயக்குநர் இட்டோ ஷுன்யா. அதனால்தான் காஜியின் பாட்டுகளைத் தனியாகக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள் என்கிறேன். அந்த அடங்கிய குரலின் கனம் வேடத்தோடு சேரும்போதுதான் முழுதாக விளங்கும்.

நான்கு 'சசோரி' படங்களில் முதல் மூன்றும் இட்டோவுடையவை. நேரமில்லையென்றால் இரண்டாவதை மட்டுமாவது பாருங்கள். ஆனால் ஒன்று, இவற்றில் பாலியல் வன்முறைக் காட்சிகள் கடுமையானவை. குழந்தைகள் இருக்கும் வேளையில் போட வேண்டாம்.

பழிவாங்கும் வேடங்களே அலுத்துவிட்டால் மசுமுரா யசுசோ 1978இல் எடுத்த 'சொனேசாகி ஷின்ஜூ' இருக்கிறது. அதில் காதலனோடு சாகத் துணியும் ஒஹாட்சுவாக வருபவர் காஜி. பேசாமலே நம்மைக் கட்டிப்போட்டவர், இங்கே பேச்சாலேயே உலுக்குகிறார்.